முன்னாடி போட்ட பூஜ்யமும் எண்களோட அடிமானமும்

சில வருஷத்துக்கு முன்னாடி சி மொழில ஒரு சின்ன புரோகிராம் எழுதிட்டு இருந்தேன். அதுல ஒரு டேபிள், 5, 10, 20, 50, 100, 150ன்னு வரிசையா எண்கள். பாக்க அழகா ஒரே நேர்கோட்டுல நிக்கட்டுமேன்னு சின்ன எண்ணுங்களுக்கு முன்னாடி பூஜ்யம் வச்சு 005, 010, 020, 050, 100, 150ன்னு மாத்திட்டேன். முன்னாடி எத்தனை பூஜ்யம் போட்டாலும் மதிப்பு மாறாதுன்னுதானே ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து படிச்சிருக்கோம். கம்பைலர், அதாவது நாம எழுதினதை மெஷினுக்கு புரியற மாதிரி மாத்துற மென்பொருள், ஒரு வார்த்தை பேசல, புரோகிராம் ஜம்முனு ஓடுச்சு, கணக்கு மட்டும் உதைச்சுது. எல்லாமே தப்பா வந்திருந்தா உடனே பிடிச்சிருப்பேன், ஆனா 5 சரி, 100 சரி, 150 சரி, நடுவுல இருக்கிற மூணு மட்டும் 8, 16, 40ன்னு நிக்குது. அரை நாள் போச்சு. அந்த மொழில எண்ணுக்கு முன்னாடி பூஜ்யம் போட்டா அது அலங்காரம் இல்ல, "இதை எட்டடிமானத்துல, அதாவது எட்டு எட்டா எண்ணற முறைல படி"ன்னு ஒரு உத்தரவு. டேபிள்ல 008ன்னு ஒண்ணு இருந்திருந்தா கம்பைலரே கத்தியிருக்கும், ஏன்னா எட்டடிமானத்துல 8ங்கற குறியே கிடையாது. என் நேரம், அது இல்ல.

அன்னிக்கு கோவத்துல "010 எப்படிடா எட்டாகும்"னு திட்டிட்டு இருந்தேன், அப்புறம் யோசிச்சா அதை விட பெரிய கேள்வி ஒண்ணு வந்துச்சு, 10ன்னு எழுதினா அது ஏன் பத்தாகணும்?

இங்கதான் பலபேருக்கு குழப்பம் ஆரம்பிக்குது, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எண் வேற, எண்ணை எழுதுற விதம் வேற. ஒரு கூடைல கூழாங்கல்லு இருக்குன்னு வச்சுக்கோங்க, நம்ம வழக்கத்துல எண்ணினா நூத்தம்பத்தாறு. கல்லுங்களுக்கு அது தெரியாது. அதுங்க பாட்டுக்கு கிடக்குது. நாம என்ன பண்றோம், பத்து பத்தா கட்டு கட்டறோம், பதினஞ்சு கட்டு வந்து ஆறு கல்லு மிச்சம். அந்த பதினஞ்சு கட்டுல பத்து கட்டை சேத்து ஒரு பெரிய மூட்டை, அஞ்சு கட்டு மிச்சம். ஆக ஒரு மூட்டை, அஞ்சு கட்டு, ஆறு உதிரி, 156. இதே கல்லுங்கள அஞ்சு அஞ்சா கட்டினா? 31 கட்டு, 1 உதிரி. 31 கட்டை அஞ்சு அஞ்சா சேத்தா 6 மூட்டை, 1 கட்டு மிச்சம். 6 மூட்டைல அஞ்சை சேத்தா 1 பெரிய மூட்டை, 1 மூட்டை மிச்சம். எழுதினா 1111. ஒரு கல்லு கூடல, ஒரு கல்லு குறையல. எத்தனை எத்தனையா கட்டறோமோ அந்த எண்ணிக்கைதான் பேஸ், புத்தகத் தமிழ்ல அடிமானம். அவ்வளவுதான் மொத்த விஷயமும், மீதி எல்லாம் இதோட விளைவுகள்தான், ஆனா விளைவுகள்தான் சுவாரஸ்யம்.

நாம வாயால சொல்றதுக்கும் கையால எழுதுறதுக்கும் உள்ள வித்தியாசத்தை கவனிச்சிருக்கீங்களா. "நூத்தி அம்பத்தி ஆறு"ன்னு சொல்லும்போது நூறு, பத்துங்கற கட்டோட பேரையும் சேத்தே சொல்றோம். பழைய தமிழ் எண் எழுத்தும் அப்படித்தான் இருந்துச்சு, ௱௫௰௬. நூறுக்கு ஒரு குறி, அப்புறம் அஞ்சு, பத்துக்கு ஒரு குறி, அப்புறம் ஆறு. வாயால சொல்றது அப்படியே ஏட்டுல இறங்கின மாதிரி. இப்ப 156ன்னு எழுதும்போது நூறும் பத்தும் காணாம போயிடுச்சு, அதுங்க வேலைய இடம் பாத்துக்குது. இதைத்தான் இடமதிப்புன்னு சொல்றாங்க. இதுல ஒரு சிக்கல், ஒரு இடத்துல ஒண்ணுமே இல்லன்னா? ௱௬ன்னு எழுதினா நூத்தி ஆறுன்னு தெளிவா தெரியும், பத்து இல்லன்னா பத்தோட குறிய விட்டுடலாம், பூஜ்யம் தேவையே இல்ல. இடத்தை வச்சு எழுதுற முறைல மட்டும்தான் "இங்க ஒண்ணும் இல்ல, ஆனா இடம் இருக்கு"ன்னு சொல்ல ஒரு குறி வேணும். பூஜ்யம் பொறந்தது தத்துவத்துலேர்ந்துன்னு நிறைய பேர் பெருசா பேசுவாங்க, எனக்கென்னவோ அது முதல்ல காலியான இடத்தை காவல் காக்கற வாட்ச்மேன் வேலைக்குத்தான் வந்துச்சுன்னு தோணும். அதையும் ஒரு எண்ணா மதிச்சு கூட்டல், கழித்தல் விதியெல்லாம் 628ல பிரம்மகுப்தர் எழுதி வச்சது அடுத்த படி.

பாபிலோன்காரங்கள பாத்தா இது நல்லா புரியும். கிட்டத்தட்ட 4000 வருஷத்துக்கு முன்னாடியே அவங்க களிமண் பலகைல இடமதிப்பு முறைல எழுதினாங்க, ஆனா அடிமானம் 60. அறுபதுக்கு அறுபது தனித்தனி குறின்னு பயந்துடாதீங்க, ஒண்ணுக்கு ஒரு ஆப்புக்குறி, பத்துக்கு ஒரு மூலைக்குறி, இந்த ரெண்டையும் அடுக்கியே 59 வரைக்கும் எழுதிடுவாங்க. நம்ம 156 அவங்களுக்கு 2, 36. அதாவது ரெண்டு அறுபது, உதிரி 36. எங்கேயோ பாத்த மாதிரி இருக்கா? 156 செகண்டுன்னா எவ்வளவு, 2 நிமிஷம் 36 செகண்டு. நீங்க தினமும் அறுபதடிமானத்துல கணக்கு போட்டுட்டுதான் இருக்கீங்க, யாரும் அதை அந்தப் பேர் சொல்லி சொல்லித்தரல, அவ்வளவுதான். ஆனா அவங்ககிட்ட ரொம்ப காலத்துக்கு பூஜ்யக்குறி இல்ல. அதுனால 1ன்னு எழுதினாலும் 60ன்னு எழுதினாலும் ஒரே ஆப்புக்குறிதான், 3600ம் அதே. எதுன்னு கணக்கோட சூழ்நிலைய வச்சுதான் புரிஞ்சுக்கணும். அப்படி இருந்தும் பின்னிருக்காங்க, யேல் பல்கலைக்கழகத்துல இருக்கிற ஒரு பலகைல 2ஓட வர்க்கமூலத்தை 1. 24, 51, 10ன்னு எழுதியிருக்காங்க, அதாவது 1, அறுபதுல 24 பங்கு, 3600ல 51 பங்குன்னு போகும், அதை நம்ம முறைக்கு மாத்தினா 1.414212ன்னு சொச்சம் வரும், தசமப்புள்ளிக்கு அப்புறம் அஞ்சு இடம் வரைக்கும் அச்சு அசல் சரி.

அறுபது ஏன் வசதின்னா, அது எத்தனை விதமா வகுபடுது பாருங்க, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30. பாதி, மூணுல ஒண்ணு, கால்வாசி, அஞ்சுல ஒண்ணு எல்லாமே முழுசா வந்துடும். பத்துக்கு இந்த பாக்கியம் இல்ல, ரெண்டும் அஞ்சும்தான். நேரத்தையும் பத்தடிமானத்துக்கு மாத்திடலாம்னு பிரெஞ்சுப் புரட்சிக்காரங்க 1793ல ஒரு நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிஷம், நிமிஷத்துக்கு 100 செகண்டுன்னு சட்டமே போட்டாங்க. 1795லயே கைவிட்டுட்டாங்க. மீட்டரும் கிலோவும் ஜெயிச்சுது, கடிகாரம் மட்டும் அசையல.

பத்து எப்படி ஜெயிச்சுதுன்னு கேட்டா பதில் உங்க கையில இருக்கு, பத்து விரல். அதுல கணித மேன்மை ஒண்ணும் கிடையாது. அதே கைய வேற மாதிரி பாத்தவங்களும் இருக்காங்க. கலிபோர்னியாவுல யூகி இன மக்கள் விரல்கள எண்ணாம விரல்களுக்கு நடுவுல இருக்கிற சந்துகள எண்ணினாங்க, ஒரு கைக்கு நாலு சந்து, ரெண்டு கைக்கு எட்டு, அதுனால அவங்க எண்ணிக்கை எட்டு எட்டா போகும். கட்டைவிரலால மத்த நாலு விரலோட கணுக்கள தொட்டு எண்ணினா ஒரே கையில பன்னெண்டு. மாயன்கள் இருபது இருபதா எண்ணினாங்க, புள்ளி ஒண்ணு, கோடு அஞ்சு, பூஜ்யத்துக்கு ஒரு சிப்பி மாதிரி குறி. ஆனா அவங்க நாள்காட்டில மூணாவது இடம் மட்டும் 400 இல்ல 360, வருஷத்துக்கு பக்கமா வரணும்னு கட்டோட அளவையே வளைச்சுட்டாங்க, இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். அப்புறம் பப்புவா நியூ கினில ஒக்சாப்மின் மக்கள் ஒரு கை கட்டைவிரல்ல ஆரம்பிச்சு மணிக்கட்டு, முழங்கை, தோள், காது, கண்ணு, மூக்குன்னு ஏறி அந்தப் பக்கமா இறங்கி 27 வரைக்கும் உடம்பாலயே எண்ணுவாங்க. பிரெஞ்சுல இன்னிக்கும் எண்பதுக்கு "நாலு இருபது"ன்னுதான் பேரு.

நம்ம தமிழ்லயே ஒரு விசித்திரம் இருக்கு, யாரும் பெருசா கவனிக்கறதில்ல. எண்பதுல பத்து இருக்கு, சரி, எட்டு பத்து. அடுத்தது ஒன்பது பத்துன்னு வரணும், ஆனா தொண்ணூறுன்னு வருது, அதுல நூறு இருக்கு. எண்ணூறுக்கு அடுத்தது தொள்ளாயிரம், அதுல ஆயிரம் இருக்கு. கீழ வந்தா ஒன்பது, அதுலயே ஒரு "பது" ஒட்டிட்டு இருக்கு. ஆக எட்டு வரைக்கும் ஒழுங்கா வந்துட்டு ஒன்பதாவது இடத்துல மூணு தடவையும் அடுத்த படியோட பேர முன்கூட்டியே கடன் வாங்கிக்குது. பழைய இலக்கியத்துல ஒன்பதுக்கு தொண்டுன்னு தனியா ஒரு சொல்லே இருந்திருக்கு. இதை வச்சு "தமிழன் எட்டடிமானத்துலதான் எண்ணினான்"னு சிலர் அடிச்சு விடுவாங்க, அதுக்கு இது பத்தாது. பத்து, நூறு, ஆயிரம்னு படி ஏறுற மொழி பத்தடிமான மொழிதான், ஒன்பதுக்கு பேர் வைக்கிற விதம்தான் விநோதம்.

சரி, மறுபடி அந்த 10க்கு வருவோம். எட்டு எட்டா கட்டறவனுக்கு ஒரு கட்டு, உதிரி இல்லன்னா எப்படி எழுதுவான்? 10. ரெண்டு ரெண்டா கட்டறவன்? அவனும் 10. பதினாறா கட்டறவனும் 10தான். எந்த அடிமானத்துல இருக்கிறவனைக் கேட்டாலும் "எங்களுது 10 அடிமானம்"னுதான் எழுதுவான், நாம மட்டும் ஸ்பெஷல்னு நினைக்க வழியே இல்ல. "உலகத்துல 10 விதமான ஆளுங்க இருக்காங்க, பைனரி தெரிஞ்சவங்க, தெரியாதவங்க"ன்னு ஒரு பழைய ஜோக் சுத்துமே, பைனரின்னா ரெண்டடிமானம், அந்த ஜோக்கோட மொத்த சரக்கும் இதுதான். அதுனால வேற அடிமானத்துல இருக்கிற எண்ணை படிக்கும்போது "பத்து", "நூத்திப்பதினொண்ணு"ன்னு படிக்காதீங்க, "ஒண்ணு பூஜ்யம்", "ஒண்ணு ஒண்ணு ஒண்ணு"ன்னு தனித்தனியா படிங்க. பாதி குழப்பம் வாயிலேர்ந்துதான் வருது, ஏன்னா பத்துங்கற சொல்லு எண்ணோட பேரு, 10ங்கறது வெறும் எழுத்து.

ஸ்கூல்ல ஒரு எண்ணை பைனரிக்கு மாத்துறதை எப்படி நடத்தினாங்கன்னு நினைச்சா இப்பவும் கடுப்பாகும். "ரெண்டால வகு, மீதிய பக்கத்துல எழுது, கடைசில கீழேர்ந்து மேல படி." ஏன் வகுக்கணும், ஏன் கீழேர்ந்து படிக்கணும், ஒண்ணும் கிடையாது, பரிட்சைல அஞ்சு மார்க்கு நிச்சயம்னு மட்டும் சொல்லுவாங்க. கல்லு கணக்கா பாத்தா இதுல மர்மமே இல்ல. 156 கல்லை ஜோடி ஜோடியா சேத்தா 78 ஜோடி, உதிரி 0. ஜோடிகள ஜோடி சேத்தா நாலு நாலா 39 கட்டு, ஜோடி மிச்சம் 0. அதை மறுபடி சேத்தா எட்டு எட்டா 19, ஒரு நாலு மிச்சம். 19ஐ சேத்தா பதினாறு பதினாறா 9, ஒரு எட்டு மிச்சம். 9ஐ சேத்தா முப்பத்திரெண்டுகள் 4, ஒரு பதினாறு மிச்சம். 4ஐ சேத்தா அறுபத்துநாலுகள் 2, மிச்சம் 0. அதை சேத்தா ஒரே ஒரு 128, மிச்சம் 0. அந்த ஒண்ணுக்கு ஜோடி இல்ல, அதுவே மிச்சம். முதல்ல மிஞ்சறது உதிரி, கடைசில மிஞ்சறது பெரிய மூட்டை, நாம எழுதும்போது பெரிய மூட்டைய இடது பக்கம் வைக்கிற பழக்கம், அதுனாலதான் கீழேர்ந்து மேல. 10011100. சரி பாக்கணும்னா 128, 16, 8, 4ஐ கூட்டுங்க, 156 வந்துடும். பயிற்சிக்கு விரல்லயே எண்ணிப் பாக்கலாம், ஒவ்வொரு விரலும் ஒரு இடம், நீட்டினா 1, மடக்கினா 0, ஒரு கையில 31 வரைக்கும், ரெண்டு கையில 1023 வரைக்கும் போகும். 4 வரும்போது மட்டும் யாராவது பக்கத்துல இருக்காங்களான்னு பாத்துக்கோங்க, நடுவிரல் மட்டும் தனியா நிக்கும்.

அடிமானம் மாறினா எது மாறும், எது மாறாதுன்னு ஒரு கேள்வி இருக்கு, இதுலதான் புரிஞ்சுதா இல்லையான்னு தெரியும். 13 கல்லை சமமான வரிசைகளா அடுக்க முடியாது, அது பகா எண், இதை எந்த அடிமானத்துல எழுதினாலும் மாறாது. அது கல்லோட குணம். ஆனா "கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8ன்னா இரட்டைப்படை"ங்கறது கல்லோட குணம் இல்ல, பத்துங்கற கட்டோட குணம். அஞ்சடிமானத்துல 156ஐ 1111ன்னு எழுதினோமே, கடைசில 1 இருக்கு, ஆனா எண் இரட்டைப்படை. அங்க எல்லா இலக்கத்தையும் கூட்டிப் பாக்கணும், 1ம் 1ம் 1ம் 1ம் நாலு, இரட்டைப்படை. ஏன்னா அஞ்சு, இருபத்தஞ்சு, நூத்திருபத்தஞ்சுன்னு அங்க இருக்கிற மூட்டை எல்லாமே ஒற்றைப்படை.

ஒன்பதால வகுபடுமான்னு பாக்க இலக்கத்தை கூட்டுவோமே, அதுவும் இதே கதைதான். பத்துன்னா ஒன்பதும் ஒண்ணும், நூறுன்னா தொண்ணூத்தொன்பதும் ஒண்ணும். ஒவ்வொரு கட்டையும் ஒன்பதால வகுத்தா ஒண்ணு மிஞ்சும், அதுனால 156ல மூட்டைக்கு ஒண்ணு, கட்டுகளுக்கு அஞ்சு, உதிரி ஆறு, மொத்தம் 12 மிஞ்சும், அதுலயும் ஒரு ஒன்பதை எடுத்தா 3. சரிதான், 153 ஒன்பதால வகுபடும், 3 மிச்சம். ஒன்பதுக்கு மாய சக்தி எல்லாம் ஒண்ணும் இல்ல, அது அடிமானத்துக்கு ஒண்ணு கம்மி, அவ்வளவுதான். எட்டடிமானத்துல அந்த வேலைய ஏழு பாக்கும். 156 அங்க 234, கூட்டினா 9, ஏழை எடுத்தா 2, போய் பாருங்க 154 ஏழால வகுபடும், மிச்சம் 2. ஒன்பதோட வாய்ப்பாட்டுல தெய்வீகம் இருக்குன்னு ஃபார்வர்டு வரும்போதெல்லாம் இதை சொல்லணும்னு வாய் துறுதுறுங்கும், சொல்றதில்ல.

இப்ப பின்னத்துக்கு வாங்க, இங்கதான் நிஜமாவே அடிபடுது. ஒண்ணை மூணா பங்கு போட்டா நமக்கு 0.3333ன்னு முடிவே இல்லாம போகுது. அது ஒண்ணோட குத்தமோ மூணோட குத்தமோ இல்ல, பத்துக்குள்ள மூணு முழுசா போகாது. பன்னெண்டடிமானத்துல அதே பங்கு 0.4, முடிஞ்சது. ஆனா அங்க அஞ்சுல ஒரு பங்கு 0.249724972497ன்னு ஓடும். விதி சுலபம், கீழ இருக்கிற எண்ணோட பகா காரணிகள் எல்லாம் அடிமானத்துக்குள்ளயும் இருந்தா பின்னம் முடியும், இல்லன்னா முடியாது. பைனரிக்கு இருக்கிற ஒரே காரணி 2. அதுனால பாதி 0.1, கால் 0.01, அரைக்கால் 0.001, மாகாணி 0.0001. நம்ம பழைய கணக்குல இந்த பேருங்கள வச்சவங்க பாதி, பாதில பாதின்னு போயிருக்காங்க, அது அப்படியே பைனரி புள்ளிக்கு அப்புறம் வர்ற இடங்கள். முக்கால் 0.11, முக்காலே அரைக்கால் 0.111. சொல்லும்போதே பைனரில சொல்றோம்.

ஆனா பத்துல ஒண்ணு? பத்துக்குள்ள அஞ்சு இருக்கு, ரெண்டுக்குள்ள அஞ்சு இல்ல. பைனரில அது 0.000110011001100ன்னு போயிட்டே இருக்கும். கம்ப்யூட்டருக்கு இடம் ஒரு அளவுதான், எங்கேயோ வெட்டித்தான் ஆகணும். அதுனாலதான் எந்த புரோகிராமிங் மொழில 0.1ம் 0.2ம் கூட்டினாலும் பெரும்பாலும் 0.30000000000000004ன்னு வருது, புதுசா கத்துக்கறவங்க "கம்ப்யூட்டருக்கே கணக்கு தெரியல"ன்னு சிரிப்பாங்க. நாம 0.3333ன்னு எழுதி நிறுத்தி மூணால பெருக்கினா 0.9999 வர்றதுக்கும் இதுக்கும் எந்த வித்தியாசமும் இல்ல. பணம் சம்பந்தப்பட்ட மென்பொருள்ல அதுனாலதான் புள்ளி வச்ச எண்ணை நேரா நம்பாம, இருக்கிறதுலயே சின்ன காசுல முழு எண்ணா வச்சுக்குவாங்க, இல்லன்னா பத்தடிமானத்துலயே கணக்கு போடுற தனி வகைய பயன்படுத்துவாங்க.

எல்லா நேரமும் இது சிரிக்கிற விஷயம் இல்ல. 1991 பிப்ரவரி 25, வளைகுடா போர், சவுதி அரேபியாவுல தஹ்ரான்ல அமெரிக்காவோட பேட்ரியாட் ஏவுகணை தடுப்பு அமைப்பு. அதோட கடிகாரம் நேரத்தை பத்துல ஒரு செகண்டா எண்ணிட்டு இருந்துச்சு, அந்த எண்ணிக்கைய 0.1ஆல பெருக்கி செகண்டா மாத்தணும், அந்த 0.1ஐ வச்சிருந்தது 24 பிட்ல, அதாவது 24 பைனரி இலக்கத்துல. வெட்டுப்பட்ட துண்டு ஒரு தடவைக்கு ஒரு கோடில ஒரு பங்கு கூட இல்ல, ஆனா மெஷின் நிறுத்தாம 100 மணிநேரம் ஓடியிருந்துச்சு. 36 லட்சம் தடவை அந்த துளி சேந்து மொத்தம் 0.34 செகண்டு பிசகு. வந்துட்டு இருந்த ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்துல அரை கிலோமீட்டருக்கு மேல போயிடும். பேட்ரியாட் அதை தப்பான இடத்துல தேடிட்டு, ஒண்ணும் காணோம்னு விட்டுடுச்சு. 28 வீரர்கள் செத்துப்போனாங்க.

அப்ப எதுக்கு கம்ப்யூட்டர்ல பைனரின்னா, கணித அழகுக்காக இல்ல, வயர்ல ஓடுற கரண்டுக்காக. 5 வோல்ட்டை பத்து படியா பிரிச்சா படிக்கு அரை வோல்ட், கொஞ்சம் சூடானா, கொஞ்சம் இரைச்சல் கலந்தா 6 எது 7 எதுன்னு தடுமாறும். ரெண்டே படின்னா, இருக்கு, இல்ல, பாதிக்கு மேலயா கீழயான்னு பாத்தா போதும். ஆரம்பத்துல எல்லாரும் இப்படி யோசிக்கல. 1945ல கட்டி முடிச்ச எனியாக்ங்கற கம்ப்யூட்டர் பத்தடிமானத்துலதான் வேலை பாத்துச்சு, ஒரு இலக்கத்துக்கு பத்து ஃபிளிப் ஃப்ளாப் (இருக்கு, இல்லன்னு ரெண்டு நிலைல நிக்கற சுற்று), அதுல ஒண்ணு மட்டும் எரியும். பத்து நிலைக்கு நாலு பிட்டே போதும், கிட்டத்தட்ட 18,000 வால்வு வச்ச மெஷின்ல இது எவ்வளவு வீண்னு யோசிங்க. ஜெர்மனில கொன்ராட் சூசே 1941லயே இசட்3ங்கற கம்ப்யூட்டரை பைனரில கட்டிட்டாரு, 1946ல வான் நாய்மன் குழு எழுதின அறிக்கையும் பைனரிதான் சரின்னு வாதாடுச்சு, அதுக்கப்புறம் மெல்ல மெல்ல பைனரியே நிலைச்சுது. இதுக்கெல்லாம் முன்னாடியே 1703ல லைப்னிட்ஸ் பைனரி கணக்கைப் பத்தி கட்டுரை போட்டாரு, 1937ல ஷானன் தன்னோட முதுகலை ஆய்வுல ஸ்விட்சுகள வச்சு பூல்ங்கற கணிதக்காரரோட உண்மை, பொய் தர்க்கத்தை ஓட்டலாம்னு காட்டினாரு.

ஆனா பைனரி மனுஷனுக்கு ஆகாது, ரொம்ப நீளம். பத்து லட்சத்துக்கு நமக்கு 7 இலக்கம், பைனரிக்கு 20. பத்தடிமானத்துல எழுதினா சுருக்கம்தான், ஆனா எந்த பிட் எங்க இருக்குன்னு பாத்தவுடனே தெரியாது. பதினாறு ரெண்டோட குடும்பத்துக்காரன், நாலு பிட்டுக்கு சரியா ஒரு இலக்கம். 1001 1100ன்னு நடுவுல வெட்டினா முதல் துண்டு 9, ரெண்டாவது துண்டு 12. பன்னெண்டுக்கு ஒத்தை குறி நம்மகிட்ட இல்லாததால ஆங்கில எழுத்து ஏ, பி, சின்னு வரிசையா 10, 11, 12க்கு எடுத்துக்கிட்டாங்க, ஆக 156 ஹெக்ஸ்ல, அதாவது பதினாறடிமானத்துல, 9சி. வகுக்கவே வேணாம், வெட்டினா போதும். வெப் டிசைன் பண்றவங்க கலர் கோடுல எஃப்எஃப்னு போடுறது 255, ஒரு நிறத்தோட உச்சம், மூணு நிறத்துக்கும் சேத்து 1,67,77,216 கலவை. மூணு மூணா வெட்டினா ஆக்டல், அதாவது எட்டடிமானம், 10 011 100, அதுனால 234. பழைய மெஷின்கள்ல வேர்டு நீளம், அதாவது ஒரே தடவைல கையாளுற பிட் எண்ணிக்கை, 12, 18, 36 பிட்டுன்னு மூணோட மடங்கா இருந்துச்சு, அவங்களுக்கு ஆக்டல்தான் கச்சிதம். யூனிக்ஸ் இயங்குதளம் பொறந்த பிடிபி7 மெஷின் 18 பிட், ஆறு ஆக்டல் இலக்கம். அங்க எழுதின பி மொழில முன்னாடி பூஜ்யம் வச்சா ஆக்டல்னு வச்சாங்க, அதோட புள்ளை சி மொழிக்கும் அந்த சொத்து அப்படியே வந்துச்சு, எட்டு பிட் பைட்டு வந்து ஹெக்ஸ் ஜெயிச்ச பிறகும் அது போகல, கடைசில என் டேபிள் வரைக்கும் வந்து நின்னுச்சு. பைத்தான் 3ல முன்னாடி பூஜ்யம் போட்டா நேரா பிழைன்னு சொல்லிடும், புண்ணியவான்கள்.

மூணடிமானத்தைப் பத்தி சொல்லாம விட மனசு வரல. சாதாரண மூணடிமானம் 0, 1, 2. ஆனா 2க்கு பதிலா மைனஸ் 1ஐ வச்சா சமன்பட்ட மூணடிமானம்னு ஒண்ணு கிடைக்கும், அதுல குறை எண்ணுக்கு தனியா கழித்தல் குறி போட வேணாம், எல்லா இலக்கத்தையும் தலைகீழா மாத்தினா போதும், கூட்டல் மைனஸாகும், மைனஸ் கூட்டலாகும். மாஸ்கோ பல்கலைக்கழகத்துல நிக்கலாய் புருசென்ட்சோவ் 1958ல செதுன்னு ஒரு கம்ப்யூட்டரையே இப்படி கட்டினாரு, அம்பது மெஷின் பக்கம் தயாராச்சு. இது எப்படி வேலை செய்யுதுன்னு புரியணும்னா தராசு போதும். எடைக்கல்ல ஒரே தட்டுல வைக்கிற மாதிரின்னா 1, 2, 4, 8 நாலு கல்லுல 15 வரைக்கும் நிறுக்கலாம், அது பைனரி. பொருள் இருக்கிற தட்டுலயும் கல்லு வைக்கலாம்னா 1, 3, 9, 27 நாலே கல்லுல 40 வரைக்கும் போகும். நம்ம 156க்கு 1, 3, 9, 27, 81, 243 ஆறு கல்லு எடுத்துக்கோங்க. பொருளோட பக்கத்துல 81ஐயும் 9ஐயும் வைங்க, எதிர் தட்டுல 243ஐயும் 3ஐயும் வைங்க. ரெண்டு பக்கமும் 246, முள்ளு நடுவுல நிக்கும், 27ம் 1ம் தொடாம கீழயே கிடக்கும், அந்த ரெண்டு இடத்துலதான் பூஜ்யம்.